தொட்டுப் பார்க்கும் காட்சி

1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளை தோண்டிய குழியொன்றில், நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சியின் தொடக்கமாக அந்த நாளைத்தான் சொல்வார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அதே துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கமாகப் போய் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். பிற்காலத்தில் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை.

பூந்தமல்லியில் இருப்பவர்கள் திருவள்ளூர் போய், அங்கிருந்து பூண்டிக்கு பஸ் பிடித்தால் இந்தக் கற்களைப் பார்த்துவிடலாம். பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்றை அமைத்தது. சின்னக் கட்டடம்தான். ஏரி பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.

இந்த மாதிரிச் சிறிய காட்சியகங்கள் குறைந்த செலவில் நல்ல காட்சியை எப்படி வைக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. இதற்கு என் பதில் ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பொருளை வருகிறவர் கையில் கொடுங்கள். எல்லாப் பொருளையும் கொடுக்க முடியாது. ஓலைச்சுவடியையும் துணியையும் ஓவியத்தையும் தொட விட்டால் ஒரே வருஷத்தில் போய்விடும். ஆனால் கல் தாங்கும். அதுவும் நம் பக்கத்துக் குவார்ட்சைட் கல் தாங்கும். கைக்கோடரி கைக்கென்றே செய்யப்பட்ட பொருள் அல்லவா? பெட்டிக்குள் இருக்கும்போது ஒரு சப்பைக் கல்லாகத் தெரிகிறது. கையில் வாங்கிப் பார்த்தால் பருத்த பக்கம் உள்ளங்கையில் உட்காரும். கூரான பக்கம் தானாக முன்னே நீளும். செதுக்கிய பள்ளங்கள் விரலுக்கு அகப்படும். பிறகு இந்தக் கைக்கோடரி மரபுக்கு உள்ள 'அச்சூலியன்' என்ற பெயரைச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். நம் காட்சியகங்கள் பெரும்பாலும் நவராத்திரிக் கொலு போல இருக்கின்றன. படி படியாக அடுக்கி, எதையும் தொடாதே என்று சொல்லி, சுண்டல் மட்டும் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

தொட்டுப் பார்க்கும் காட்சி என்றால் பூந்தமல்லிக்கு ஒரு தனித் தகுதி உண்டு. பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி தலைமுறைகளாக இங்கே நடந்து வருகிறது. மத்திய அரசின் தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்துக்கும் இங்கே வட்டார மையம் இருக்கிறது. விரலால் படிக்கக் கற்றவர்கள் இத்தனை பேர் உள்ள ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? ஒரு பொருளைக் கையால் எப்படி அறிவது, எதை முதலில் தொடுவது, எது விரலுக்குக் குழப்பம் தருகிறது என்று சொல்லக்கூடிய நிபுணர்கள் அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய ஊர் வடிவமைப்பாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இது இன்று நேற்று தோன்றிய யோசனையும் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து என்று ஒரு கப்பல் கட்டும் ஊர். அங்கே உள்ளூர்க் காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட சார்ல்டன் டீஸ் என்பவர், 1913இல் அந்த ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துப் பெட்டிகளைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் பாடம் செய்த பறவைகளையும் விலங்குகளையும் தடவிப் பார்த்தார்கள். தடவிப் பார்த்ததைக் களிமண்ணில் செய்து காட்டச் சொன்னார். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை; பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல நான்கு பேர் இருந்தால் போதும். நம் நாட்டிலும் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் 'அனுபவ்' என்று தொடு காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். சிற்பங்களின் பிரதிகளைத் தொட்டுப் பார்க்கலாம். டில்லியில் வந்துவிட்டது, திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஏன் வரக்கூடாது?

பிரதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிற்பத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பிரதி சரி. கைக்கோடரிக்கு அது சரிப்படாது. எடை பொய் சொல்லும், கல்லின் குளிர்ச்சியும் இருக்காது. கைக்கோடரியின் அறிவே அதன் எடையில்தான் இருக்கிறது. அதே குவார்ட்சைட்டில், கல்லால் கல்லைத் தட்டிப் புதிதாகச் செய்ததை வைக்க வேண்டும். தட்டத் தெரிந்த தொல்லியல் மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் கிடைப்பார்கள். தட்டும்போது விழும் சில்லுகளையும் வீசிவிடாமல் ஒரு தட்டில் வைத்தால் அதுவே இன்னொரு காட்சி. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டச் சொல்லுங்கள். சில்லு கண்ணுக்குத்தான் பாயும்.

அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய நாணயத்தை அப்படியே கொடுத்தால் அதன் எழுத்து விரலுக்குப் பிடிபடாது, அதைப் பெரிதாக்க வேண்டும். கோயிலை இரண்டு கைக்குள் அடங்கும்படி சிறிதாக்க வேண்டும். கருவி மட்டும் உள்ளபடியே இருக்க வேண்டும். மேசையில் ஏழெட்டுப் பொருளுக்கு மேல் வேண்டாம். கல் உருளாமல் இருக்க ஒரு டிரேயில் ஆற்றுமணலைப் பரப்பி அதில் பதித்து வைக்கலாம். வரிசை இடமிருந்து வலமாகப் போகட்டும். பிரெய்ல் குறிப்பு மேசையின் முன்விளிம்பில் சற்றுச் சாய்வாக இருந்தால்தான் மணிக்கட்டு வலிக்காது. சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டிவிட்டு பிரெய்ல் வைத்தாயிற்று என்று கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. நின்றபடி கையைத் தூக்கிக்கொண்டு யார் படிப்பார்கள்? பார்வையுள்ளவர்களுக்கு சன்போர்டில் பெரிய எழுத்தில் நாலு வரித் தமிழ். பளபளக்கும் ஃபிளெக்ஸில் பாதிப் பக்கம் படம், மீதிப் பக்கம் பொடி எழுத்து என்று அடிக்கிற வழக்கத்தை விட்டுவிடலாம்.

செய்முறையை மறைக்காமல் எழுதி வைத்தால் அடுத்த ஊரும் செய்யும். இதற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் தொடங்கிய அறிவியல் காட்சியகம் அது. அங்கிருந்த காட்சிகளை எப்படிச் செய்வது, எந்த மரம், எந்த மோட்டார், எங்கே தவறு நேரும் என்று எழுதி, 1975 முதல் 'சமையல் குறிப்பு' என்ற பெயரிலேயே புத்தகமாகப் போட்டார்கள். உலகமெங்கும் சிறிய காட்சியகங்கள் அதைப் பார்த்துச் செய்துகொண்டன. பூண்டிக்காகவும் பூந்தமல்லிக்காகவும் அப்படி ஒரு தமிழ்க் கையேடு வந்தால் கும்மிடிப்பூண்டிக்கும் திருத்தணிக்கும் அது உதவும்.

கல் மட்டும்தான் காட்சியா என்று கேட்கலாம். வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூந்தமல்லி. பூப்பறித்துத் தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனவர் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. வாழைநாரில் பூக்கட்டும் விரல்களின் வேகம், மரு, தவனம், மல்லி ஒவ்வொன்றின் வாசம் இவையும் ஒரு மேசைக்குப் போதும். அந்தப் பக்கம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை லேத் பட்டறைகளில் இரும்பின் மேற்பரப்பை நகத்தால் கீறியே நயம் சொல்லும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். கரடாகக் கடைந்தது, நைஸாகக் கடைந்தது, கிரைண்டிங் பிடித்தது என்று மூன்று துண்டை வரிசையாக வைத்தால், கண் தோற்று விரல் ஜெயிப்பதை எவரும் உணர்வார்கள்.

பெரும் செலவில் கட்டுவதும் உண்டு. கீழடி அருங்காட்சியகம் சுமார் 18 கோடி ரூபாயில் எழுந்து 2023இல் திறக்கப்பட்டது. கீழடிக்கு அது வேண்டும், தகும். எல்லா ஊருக்கும் அந்தத் தொகை வராது. வந்தாலும் பல இடங்களில் கட்டடத்தோடு தீர்ந்துபோகிறது. உள்ளே தெளிவாக எழுதியிருக்கும் ஒரே கல், திறப்பு விழாக் கல்வெட்டுதான்.

ஆர்வத்தில் யாரும் ஆற்றங்கரைக்குப் போய்க் கற்களைப் பொறுக்கிவர வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொருள் கிடந்த இடம் தெரியாமல் போனால் அதன் பாதி வரலாறு போய்விடும். தொல்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி வட்டாரத்துத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கல்வியாண்டில் ஒருமுறை பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் பள்ளியில் ஒரு மேசை, ஒரு மணல் டிரே, நான்கைந்து புதுக் கற்கருவிகள் போதும். வைத்து முடித்ததும் முதல் பார்வையாளர்களாகப் பார்வையற்றோர் பள்ளி மாணவர்களைக் கூப்பிடுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அதன்படி மாற்றிவிட்டு ஊரைக் கூப்பிடுங்கள்.