ஒப்புக்குச் சப்பாணி: ஆய்வில் விடுபட்ட பிள்ளை

  

மழலையர் வளர்ச்சியில் வெளிப்புற விளையாட்டின் நன்மைகள் என்பது நம் கருத்தரங்கின் பொருள். அதன் அடிப்படைகளை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். குவாங்சோ நகர ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட பள்ளிகளில் மூன்றாண்டில் கிட்டப்பார்வை வந்தோர் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5. கண், எலும்பு, உறக்கம் பற்றிப் பிற்பகல் அமர்வுகள் பேசும்.

நான் பேச விரும்புவது ஒப்புக்குச் சப்பாணியைப் பற்றி.

கல்லா மண்ணா ஆட்டத்தில் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்று வயதுப் பிள்ளை வந்து நிற்கும். விரட்டினால் அழும், சேர்த்தால் ஆட்டம் கெடும். தெரு கண்டுபிடித்த வழி, அதை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வது. அதுவும் ஓடும், ஒளியும், தொடப்படும். ஆனால் கணக்கில் வராது. இப்படிச் சேராமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. ஆனாலும் நம் ஆய்வேடுகளில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை.

ஏன்? மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட விளையாட்டுப் படிநிலைகளை நாம் அப்படியே அட்டவணையாக்கிக் கொண்டோம்: வேடிக்கை பார்ப்பவர், தனித்து ஆடுபவர், அருகருகே ஆடுபவர், கூடி ஆடுபவர். அவர் கண்டது மழலையர் பள்ளிப் பிள்ளைகளை. அங்கே எட்டு வயது அண்ணன் இல்லை. அதே 1932இல் பியாஜே கோலிக்குண்டு ஆட்டத்தை வைத்து விதிகளின் வளர்ச்சியை விளக்கினார். சின்னஞ்சிறாரை அவர் கூடியவரை இருவர் இருவராக ஆடவிட்டுப் பார்த்தார். பெரிய பிள்ளைகள் நடுவே அதே சிறுவன் எப்படி நடந்திருப்பான் என்பது அந்த முறையில் தெரிய வராது. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ இளைஞர் பக்கம், குழந்தைப் பக்கம், பெரியோர் பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. தொகுப்பவருக்கு அந்தப் பிரிவு தேவை. அவருக்குப் பின் வந்த நாம்தான் அதைத் தெருவின் இயல்பாகவே எண்ணிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இதை நான் சொன்னபோது, சப்பாணி வைப்பது பிள்ளையை ஏமாற்றுவது, அது பங்கேற்பே அல்ல என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அவர் புலமையில் எனக்கு மதிப்பு உண்டு. அன்று நேரமில்லாமல் போன பதிலை இன்று சொல்கிறேன். அந்தப் பிள்ளை தோற்கும் அச்சமின்றி எல்லைக்கோட்டையும் முறைமாற்றத்தையும் உடம்பால் கற்கிறது. பெரியவன் தன் வேகத்தைக் குறைக்கிறான், பந்தை மெல்ல எறிகிறான், கண்டும் காணாதவன்போல் கடந்து போகிறான். வலுவை அடக்கக் கற்பதும் வளர்ச்சிதான். அதை எந்தப் படிவத்தில் குறிக்கிறோம்? பிறகு ஒரு நாள், “நீயும் ஆட்டம்தான், அவுட்டு!” என்பார்கள். பிள்ளை அழும். ஆனால் அன்று முதல் அது கணக்கில் வந்துவிட்டது. அந்த நாள் வந்துவிட்டதென்று தீர்மானித்தவர்கள் பிள்ளைகளே. பெரியவர் எவரும் தேர்வு வைக்கவில்லை. இதை ஏமாற்று என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இது வகுப்பறையில் நடக்காது. அங்கே எல்லோருக்கும் ஒரே வயது. வீட்டுக்குள்ளும் நடக்காது, எட்டுப் பேர் ஓட இடமில்லை. வெளி வேண்டும், கலந்த வயது வேண்டும், பெரியவர் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். வெயிலையும் நிமிடங்களையும் மட்டும் அளந்து, ஒரே வயதுப் பிள்ளைகளை வரிசையாக மைதானத்துக்கு நடத்திச் சென்று திரும்பினால் கண்ணுக்கு நன்மை கிடைக்கும். நான் சொல்லும் இந்த நன்மை கிடைக்காது. வயதுக்கொரு வேலி போட்ட பூங்காக்களை நாம் பாராட்டி எழுதுவதையும் இதனால்தான் எதிர்க்கிறேன்.

இன்று கட்டுரை படிப்போரிடம் ஒரு கேள்வி கேட்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பார்த்த ஆட்டத்தில் மிகச் சிறிய பிள்ளைக்கு என்ன வயது, அதை ஆட்டத்தில் சேர்த்தது யார்?