மது விலக்கும் ஔடத தானமும்



கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்தார் சமந்தபத்திர ஆசாரியர். கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் இயற்றிய பாடலிபுரம், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரே என்பர் ஆய்வாளர். அத்தகைய மண்ணின் மரபினர்க்கு மது தீதென்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அப்பெருமையிலேயே ஓர் இடரும் உண்டு. விலக்கிய பொருள் வீட்டினுள் நுழைந்துவிட்டால், அதனை நோயென்று வெளியில் சொல்லக் குடும்பம் கூசுகிறது. மகளின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்னும் அச்சம் வேறு.

பழக்கம், சார்பு, அடிமைநிலை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. எப்போதோ அருந்துவது பழக்கம், அதுவும் விலக்கத்தக்கதே. பொருள் இல்லாதபோது உடல் நடுங்கி வியர்த்து உறக்கம் கெடுமாயின் அது சார்பு. மருத்துவர் தந்த வலி மாத்திரையை நெடுநாள் உண்ட நோயாளிக்கும் சார்பு ஏற்படலாம். அவரை அடிமை என்பது தவறு. கேடு கண்ணெதிரே தெரிந்தும், விடவேண்டும் என்று விரும்பியும், வேட்கையை அடக்க இயலாமையே அடிமைநிலை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் நச்சுச் சாராயத்துக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அச்செய்தி ஊரெங்கும் பரவியிருந்தும், மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அறியாமை ஒன்றே காரணமாயின், முதல் துயரமே போதிய பாடமாக இருந்திருக்கும்.

இங்கே நம் குடும்பங்கள் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பல்லாண்டுகளாக நாள்தோறும் குடித்தவரைத் தசலட்சண நாள்களில் சினாலயத்தில் நிறுத்தி, "இன்றோடு விட்டேன்" என்று விரதம் ஏற்கச் செய்து, அறையில் வைத்துப் பூட்டுவதும் உண்டு. எண்ணம் நல்லதே. ஆயினும் மதுவில் ஊறிய மூளை அதன் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை எப்போதும் விழிப்பில் வைத்திருக்கிறது. மது திடீரென நின்றதும் அவ்விழிப்பு கட்டற்றுப் பெருகுகிறது. முதல் இரு நாள்களுள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களில் இல்லாத உருவங்கள் தோன்றும், இடமும் காலமும் மறக்கும், காய்ச்சல் ஏறும். மருத்துவம் கிட்டாவிடில் உயிரும் போகலாம். சுற்றத்தார் இதனைப் பேய் பிடித்ததென்றோ நடிப்பென்றோ கொள்வர்! தக்க மருந்தும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் மருத்துவமனையில் தரப்பட்டால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் இந்நிலையைக் கடப்பர். விரதத்தை அதன் பின்னர் ஏற்பிக்கலாம். அப்போது அவர் தெளிந்த அறிவோடு ஏற்பார்.

கடந்தபின்னும் மீண்டும் வழுக்குவோர் பலர். நீரிழிவு நோயாளியின் சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். அவரை வீட்டைவிட்டு விரட்டுவதில்லை. குடிநோயாளிக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் இவர்க்கும் உரியது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை. அழைக்க நோயாளியே இணங்கவேண்டும் என்பதில்லை. மனைவியோ தாயோ முதலில் பேசலாம்.