கானாவில் தப்பிய கணினி



பெரியதொரு நிறுவனத்தின் கணினிகளைப் பகைவரிடமிருந்து காப்பது எவ்வாறு என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வாயிற்கதவை வலிதாக்கினால் போதும் என்பது அவர்களுள் பலரது எண்ணம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அதனை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை இன்று கூறுகிறேன்.

2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள். கோபன்ஹேகன் நகரில், மெர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்துமாறு ஒரு வாசகம் தோன்றிற்று. செலுத்தியும் பயனில்லை, அழிந்ததை மீட்கும் வழியே அந்த நச்சுநிரலில் இல்லை. அந்நாளில் உலகக் கொள்கலன் போக்குவரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்நிறுவனத்தின் கையில் இருந்தது. துறைமுக வாயில்களில் லாரிகள் வரிசையாக நின்றன. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் ஒரு முனையம் முடங்கியது.

நஞ்சு புகுந்த வழி யாது? உக்ரைன் நாட்டினர் வரிக்கணக்கு எழுதப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்னும் மென்பொருளின் புதுப்பிப்பில் பகைவர் அதனை ஒளித்து வைத்திருந்தனர். ஒடெசா அலுவலகத்தின் ஒரே ஒரு கணினியில் அம்மென்பொருள் இருந்தது. அது போதுமாயிற்று. அழைத்து வந்த விருந்தாளியின் மூட்டையிலேயே பாம்பு இருந்தால் வாயிற்கதவு என் செய்யும்?

உள்ளே வந்த நிரல், விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டையின் வழியே பரவிற்று. அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் திருத்தம் பெற்ற கணினிகளும் தப்பவில்லை. பிற கணினிகளின் நினைவகத்தில் தங்கிக் கிடந்த கடவுச்சொற்களைத் திருடி, அவற்றையும் அது திறந்துவிட்டது. அறைக்கும் அறைக்கும் இடையே சுவரில்லாமையே பெருங்குறை என்பது என் கருத்து.

இனி வருவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி. யார் எக்கணினியைத் திறக்கலாம் என்று குறித்து வைக்கும் தலைமைக் கணினிகள் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒருசேர அழியக்கூடும் என்று ஒருவரும் எண்ணவில்லை. ஏனைய தரவுகளுக்குக் காப்புப்படிகள் இருந்தன. இவ்வேட்டுக்கு மட்டும் இல்லை.

பலவிடங்களில் தேடியபின், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று பிழைத்திருப்பது தெரிந்தது. காரணம், மின்தடை! தாக்குதலுக்கு முன்பே மின்சாரம் நின்று, அக்கணினி வலையமைப்பிலிருந்து அறுபட்டிருந்தது. மின்தடையை வாழ்த்தியவர்கள் உலகில் அவர்கள் மட்டுமே போலும். அவ்வூர் இணைய இணைப்போ மிக மெதுவானது. தரவை அனுப்பப் பல நாள் ஆகும். அங்குள்ள ஊழியர் எவரிடமும் பிரிட்டனுக்குச் செல்ல விசா இல்லை. ஆகவே ஒருவர் வன்தட்டை நைஜீரியாவுக்கு எடுத்துச் சென்று விமான நிலையத்தில் மற்றொருவரிடம் ஒப்படைக்க, அவர் அதனுடன் லண்டனுக்குப் பறந்தார்.

பத்தே நாட்களில் 4,000 சேவையகங்களும் 45,000 கணினிகளும் புதிதாக அமைக்கப்பட்டன. அதுவரை ஊழியர்கள் கையாலேயே வேலையை நடத்தினர். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை.

இத்தகைய இழப்பை மூடி மறைக்கும் நிறுவனங்களே மிகுதி. மெர்ஸ்க்கின் தலைவர் ஜிம் ஹாகெமான் ஸ்னாபே, 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் இதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். இணையப் பாதுகாப்பில் தாங்கள் சராசரி நிலையிலேயே இருந்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.