தலையில் அடிபட்டவன் தூங்கலாமா?
(வடக்கனந்தலில் செய்த சொற்பொழிவு)



போன வருஷம் கச்சிராயபாளையம் ரோட்டில் நான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சிறிது நேரம் நினைவில்லை. பிறகு எழுந்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவன் செய்த முதல் முட்டாள்தனம் அது. இரண்டாவது, அன்றிரவு வீட்டார் என்னைத் தூங்கவிடாமல் விடிய விடியத் தட்டித் தட்டி உட்கார வைத்ததும், நான் அதற்குச் சம்மதித்ததும். "கண்ணை மூடினால் அப்படியே போய்விடுவான்" என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னதுதான் காரணம்.

அந்த ஆயாவை நான் பரிகாசம் செய்ய வரவில்லை. ஏனெனில், அந்தப் பயத்துக்கு ஒரு முகாந்தரம் உண்டு. மண்டை ஓட்டுக்கும் மூளையை மூடிய சவ்வுக்கும் நடுவில் ரத்தக்குழாய் அறுந்தால், அடிபட்டவன் மயங்கி, தெளிந்து, நன்றாகப் பேசி, சாப்பிட்டுப் படுத்து, சில மணி நேரத்தில் நினைவிழந்து சாவதுண்டு. பார்த்த ஜனங்கள் தூக்கம் கொன்றதென்று நினைத்தார்கள். கொன்றது உள்ளே கசிந்த ரத்தம். விழித்திருந்தால் அது கசியாமல் நின்றுவிடுமா? 1949ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னையில் டாக்டர் ராமமூர்த்தியும் மூளைச் சிகிச்சை துவக்கிய காலத்தில் ஸ்கேன் கிடையாது. 1971ல்தான் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். இன்று அது நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே, முதலில் டாக்டர் பார்க்கட்டும். அவர் ஆபத்தில்லை என்றால் தாராளமாகத் தூங்கட்டும். மூளை தேறுவதற்குத் தூக்கம் வேண்டும். முதல் நாள் ஒருவர் கூட இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிதல், எழுப்பினாலும் எழாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108க்குப் பேசுங்கள்.

நிற்க. எழுந்து நடந்துவிட்டால் மூளை அதிர்ச்சி இல்லையென்று நினைக்காதீர்கள். 2020 டிசம்பர் 4ந் தேதி, நம் சேலத்து நடராஜன் 20 ஓவர் ஆட்டத்தில் முதன்முதல் இந்தியாவுக்கு ஆடிய அதே கான்பெரா ஆட்டத்தில், ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் நின்று ஆடி 44 ஓட்டம் எடுத்துவிட்டுத்தான் வந்தார். உள்ளே வந்த பிறகு தலை சுற்றிற்று. அவரை நிறுத்தி, சாஹலை இறக்கினார்கள். நம் பையன்களோ அடிபட்ட அன்றே மறுபடியும் மட்டையெடுக்கிறார்கள். ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி மகா ஆபத்து.

சரி, எத்தனை நாள் படுப்பது? முன்பு டாக்டர்களே இருட்டறையில் நாட்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் மில்வாக்கியில் சோதித்து, 2015ல் முடிவை வெளியிட்டார்கள். 5 நாள் கண்டிப்பாக முடங்கிய இளைஞர்களுக்கு, ஓரிரு நாள் ஓய்ந்தவர்களைவிட உபத்திரவம் அதிகமாயிருந்தது. பிறகு பழைய போதனையை மாற்றினார்கள். சாஸ்திரமாயிருந்தால் மாற்றியிருப்பார்களா? இப்போது சொல்வது, 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, செல்போனைக் குறைப்பது, பிறகு மெல்ல நடமாட்டம். வலி கூடினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வது.

எனக்குப் பத்து நாள் எரிச்சல், மறதி, கண் கூச்சம். "காற்று பிடித்திருக்கிறது, வேப்பிலை அடிக்க வேண்டும்" என்றார்கள். குலுங்கிய தலையை இன்னும் குலுக்க ஏற்பாடு! பூசாரி வந்தபோது நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுப்ப வேண்டாமென்று அந்த ஆயாவே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.