நீதிபதியின் அருகே ஒரு கோடை விடுமுறை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின் பேசுவதற்கு நமக்குப் பத்து நிமிடம் அளித்திருக்கிறார்கள். அதை ஒரே ஒரு செய்திக்காகப் பயன்படுத்த விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவி ஒருவருக்குச் சென்னையில் நீதிபதி ஒருவரிடம் ஒரு மாதம் ஆய்வுப் பயிற்சி பெறும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அவர் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தார். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் இல்லை. தங்குவதற்கும் உண்பதற்கும் போய்வருவதற்கும் பணம் வேண்டும். தந்தையார் தையல் தொழிலாளி. இரண்டு நாள் யோசித்துவிட்டு, இயலாது என்று பதில் எழுதிவிட்டார்கள். செய்தி நம் காதுக்கு எட்டியபோது அந்த மாதமே கழிந்துவிட்டிருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று தந்தையாரிடம் சொன்னோம். "இதற்கெல்லாம் ஜமாஅத்தில் பணம் தருவார்களா, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

அந்த ஒரு மாதத்தில் அப்படி என்னதான் கற்பிப்பார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். சட்டக் கல்லூரி சட்டத்தைக் கற்பிக்கிறது. வழக்கறிஞரிடம் பயிற்சி பெறுபவர் ஒரு தரப்புக்காக வாதாடக் கற்கிறார். இரு தரப்பையும் கேட்டு ஒரு முடிவுக்கு வரும் முறையை நீதிபதியின் அருகிலிருந்தே கற்க முடியும். மாணவரிடம் ஒரு வழக்கின் கட்டு ஒப்படைக்கப்படும். நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாக அவர் வரிசைப்படுத்த வேண்டும். இரு தரப்பாரும் எதில் உடன்படுகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள் என்று பிரித்தெழுத வேண்டும். அவர்கள் எடுத்துக்காட்டும் முன்தீர்ப்புகள் இன்றும் செல்லுபடியாகின்றனவா, பின்னர் வந்த பெரிய அமர்வு ஏதேனும் அவற்றை மாற்றிவிட்டதா என்று தேடிச் சரிபார்க்க வேண்டும். பின்னர் அனைத்தையும் சில பக்கங்களில் சுருக்கித் தர வேண்டும். முடிவெடுப்பவர் நீதிபதியே. அறையில் கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பது இப்பயிற்சியின் முதற்பாடம்.

மத்ரஸாவில் ஓதிய நமக்கு இம்முறை புதிதன்று. ஆலிம் பட்டம் பெற்றவர் மறுநாளே ஃபத்வா எழுத அமர்ந்துவிடுவதில்லை. முஃப்தியின் அருகிலிருந்து, வந்த கேள்விக்கு நூல்களைப் புரட்டி விடை எழுதி, அவர் அதை அடித்துத் திருத்துவதைப் பார்த்துப் பார்த்தே பழகுகிறார். நூலில் உள்ளதை எதிரே நிற்கும் மனிதரின் வழக்கோடு பொருத்தும் பக்குவம் அப்படித்தான் வருகிறது.

நீதிபதிகள் இளம் சட்டப் பட்டதாரிகளை உதவிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1882இல் தொடங்கியவர் ஹோரஸ் கிரே என்னும் நீதிபதி. தொடக்கத்தில் அந்த இளைஞர்களின் ஊதியத்தை அவர் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுத்தார். அரசு நிதி பின்னரே வந்தது. யாரோ ஒருவர் முதலில் செலவை ஏற்றதால்தான் அந்த வாசல் திறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் சட்டப் பட்டதாரிகளை ஆய்வு உதவியாளர்களாக அமர்த்துகின்றன. 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வெளியிட்ட அறிவிப்பில் இப்பணிக்கு மாதம் 80,000 ரூபாய் குறிக்கப்பட்டிருந்தது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. அதே ஆண்டு மே 20ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராகப் பணியாற்றிய காலத்தையும் அதில் கணக்கிடலாம் என்றும் கூறியது. மாணவப் பருவத்துக் கோடைப் பயிற்சி இக்கணக்கில் சேராது. எனினும் அப்பணிக்கு வேண்டிய வாசிப்பும் எழுத்தும் அங்கேதான் கைவரத் தொடங்குகின்றன.

கீழ்ப்படியில் தொடங்கி மேலே சென்றவர்கள் நம் கண்முன்னே இருந்திருக்கிறார்கள். ஃபாத்திமா பீவி அவர்களைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தையார். அவர் 1958இல் கேரளத்தில் முன்சீஃபாகப் பணியில் சேர்ந்தார். 1989இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகவும் இருந்தார்.

எனவே, பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். வரும் கோடை முதல், இத்தகைய பயிற்சிக்குத் தேர்வாகும் இரு மாணவர்களின் ஒரு மாதத் தங்குமிட, பயணச் செலவைக் கல்வி நிதியிலிருந்து ஏற்க வேண்டும். நம் ஜமாஅத்திலுள்ள வழக்கறிஞர்கள், பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் எழுத அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். மாணவர்கள் வாரம் ஒரு தீர்ப்பையேனும் முழுமையாகப் படிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023 ஜனவரியில் மின்வடிவில் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. ஆகவே நூல் வாங்கப் பணமில்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இவர் நாளை நீதிபதியானால் நமக்குச் சாதகமாக இருப்பார் என்ற எண்ணத்தோடு எவரும் ஒரு ரூபாயும் தர வேண்டாம். நம் ஜமாஅத்தின் வழக்கே அவர் முன் வந்து, நியாயம் எதிர்த்தரப்பில் இருக்குமானால், நமக்கு எதிராகத் தயங்காமல் தீர்ப்பளிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் நம் பணம் செலவாக வேண்டும்.

அந்த மாணவி இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறார். படிப்பு முடிவதற்குள் அவருக்கு இன்னும் ஒரு கோடை விடுமுறை மீதமிருக்கிறது. அவருடைய தந்தையார் இதோ இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு இன்றைய தீர்மானப் புத்தகத்தில் பதில் எழுதப்படட்டும்.