சொட்டு மருந்தும் கருவிழியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் வேலை எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சுத்திகரிப்பு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் கூலிங் டவரில் ஆரம்பித்து உங்கள் கண்ணில் வந்து முடிப்பேன். நான் டாக்டர் இல்லை. ஆறு வருஷமாக அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து போட்டுவிடுகிற மகன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் எங்களோடு இருக்கிறார். அவருக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. வலி இல்லாமல் பார்வை நரம்பை அரிக்கிற நோய் இது. போன பார்வை திரும்பாது. 2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், நகரத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 3.5 பேருக்கு இதன் ஒரு வகை இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

தெரிந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். சொட்டு மருந்தை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். அப்பாவுக்கு ஒரு கண்ணுக்கு நாளைக்கு மூன்று சொட்டு. ஆறு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 6,570 சொட்டு. நான்காவது வருஷம் கண் சிவந்தது. "மணல் விழுந்த மாதிரி உறுத்துதுடா" என்றார். தெருவில் எல்லாரும் ஒரே காரணம் சொன்னார்கள்: "மணலிப் புகை, எண்ணூர்க் காத்து." நம்ம ஊரில் அப்படி நினைப்பதில் தப்பில்லை. 2023 டிசம்பரில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, ராத்திரி கண் எரிச்சலோடு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் காற்று என்றால் வீட்டில் எல்லாருக்கும் எரிய வேண்டுமே? எங்கள் வீட்டில் எரிந்தது சொட்டு போட்டவருக்கு மட்டும்.

டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தது. மருந்துப் பெட்டியைத் திருப்பி, சின்ன எழுத்தில் ஒரு பெயரைக் காட்டினார்: பென்சால்கோனியம் குளோரைடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலிங் டவர் தண்ணீரில் பாசியும் கிருமியும் சேராமல் இருக்கப் பயன்படுத்துகிற ரசாயனக் குடும்பம் அது!

திறந்த பாட்டில் ஒரு மாதம் கெடாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். அளவு 0.02 சதவீதம் வரை இருக்கும். நம்ம பாஷையில் 200 பி.பி.எம். கிருமியின் தோலைக் கிழிப்பதுதான் அதன் வேலை. சோப்பு மாதிரி கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தையும் கரைக்கும், கருவிழியின் மேல் செல்களையும் தாக்கும். பத்து நாள் மருந்துக்கு இது ஒன்றும் செய்யாது. பத்து வருஷம் என்றால் கதை வேறு. நீண்ட நாள் சொட்டு போடுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கண் வறட்சியோ உறுத்தலோ இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

மருந்துக்கும் தனி விளைவுகள் உண்டு. டிமோலால் கருவிழியின் உணர்ச்சியைக் குறைக்கலாம். லாட்டனோப்ராஸ்ட் வகை கருவிழியைச் சில மைக்ரான் மெலியச் செய்யலாம். கண் அழுத்தம் பார்க்கும் கோல்ட்மேன் கருவி கருவிழித் தடிப்பு ஏறத்தாழ 520 மைக்ரான் என்ற கணக்கில் அமைந்தது. அதைவிட மெலிந்தால், உண்மையைவிடக் குறைவான அழுத்தம் காட்டும். கேஜ் காலிபரேஷன் தவறுவது மாதிரிதான்.

கருவிழியின் உள்பக்கம் ஒரே வரிசைச் செல்கள், பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500. கண்ணுக்குள்ளிருந்து கருவிழிக்குள் ஓயாமல் கசியும் நீரை இவை பம்ப் செய்து வெளியேற்றுகின்றன. பம்ப் குறைந்தால் கருவிழி வீங்கி மங்கும். ஸ்டாண்ட்பை கிடையாது; செத்த செல்லுக்குப் பதில் புதுசு முளைக்காது. டார்சோலமைடு மருந்து இந்த பம்புக்கு உதவுகிற ஒரு என்சைமைத் தடுக்கும். நல்ல கருவிழிக்குப் பெரிய தொந்தரவில்லை. முன்பே செல்கள் குறைந்தவர்கள், கருவிழி மாற்று அறுவை செய்தவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அதுக்காகத்தான் இந்தப் பேச்சே. "விட்டுடலாமா?" என்று அப்பாவும் கேட்டார். கருவிழி மேல்தோல் ஆறும்; போன நரம்பு வராது. மருந்தை மாற்றலாம், நிறுத்தக் கூடாது. அப்பாவுக்கு டாக்டர் அந்த ரசாயனம் சேராத சொட்டுக்கு மாற்றினார். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு மாதத்தில் உறுத்தல் அடங்கியது. லேசர் சிகிச்சையும் உண்டு. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் மூன்று வருஷம் வரை சொட்டே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் பொருந்தாது, கேட்டுப் பார்க்கலாம்.

சொட்டு போடும்போது ஒரு சொட்டு போதும், கண் அதுக்கு மேல் கொள்ளாது. போட்டபின் மூக்கோரம் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி விடுங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறது. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. நாற்பதைத் தொட்ட நண்பர்கள் இந்த மாதமே கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் சொட்டு போடுகிறார்களா? "கண் உறுத்துதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.