நிலம் நடுங்கினால் யார் வீடு நிற்கும்?

(மணவூரில் நடந்த மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலநடுக்கம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், “அதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?” என்று தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1934-லிருந்து பதிலைத் தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்று திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசினார். தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். நம் கேள்வி எளிது: இடிபாட்டில் செத்த தீண்டப்படாதவர்கள் எந்தப் பாவத்துக்காகச் செத்தார்கள்?

நிலநடுக்கத்துக்கும் சாதிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது கடவுள் வழியாக வருவதில்லை, மனிதர்கள் எழுதும் விதிகள் வழியாக வருகிறது.

1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிராவின் லாத்தூர் வட்டாரம் குலுங்கியது. ஏறத்தாழ 8,000 பேர் இறந்ததாக ஒரு கணக்கு, 10,000 என்று இன்னொரு கணக்கு. மண் சாந்து வைத்து அடுக்கிய கல் சுவர்களும் அவற்றின் மேலிருந்த கனத்த மண் கூரைகளும் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. கூரைக் குடிசையில் இருந்த ஏழைகள் பலர் பிழைத்தார்கள். அதாவது நிலம் சாதி பார்க்கவில்லை. பார்த்தது மறுகட்டுமானம். நிலமில்லாதவருக்கும் சிறு விவசாயிக்கும் 250 சதுர அடி, அதற்கு மேல் நிலம் உள்ளவருக்கு 400, பெரிய நிலக்காரருக்கு 750 என்று வீடு ஒதுக்கினார்கள். நிலமற்றவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய ஊரின் ஏற்றத்தாழ்வைப் புதிய சிமெண்டில் வார்த்துக் கொடுத்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைச் சென்னையே உணர்ந்தது. 2002-இல் இந்தியத் தர நிர்ணய விதிகளைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதிக்கு மாற்றினார்கள். 2021 நவம்பரில் வேலூர் அருகே 3.6 அளவில் ஒரு சிறு அதிர்வு. பயமுறுத்தச் சொல்லவில்லை. மிதமான நடுக்கத்தைத் தாங்கும் வீடு நமக்கு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

அன்று குடிசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இன்று நம் குடிசைகள் தளம் போட்ட வீடுகளாகிவிட்டன. அது நம் உரிமை, போராடிப் பெற்றது. ஆனால் இப்போது நம் தலைக்கு மேலும் கனமான கூரை இருக்கிறது. அதைத் தாங்கும் சுவர் எப்படிப்பட்டது?

நான் வளர்ந்தது ஒரு தொகுப்பு வீட்டில். வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல். மூலையில் விரிசல். அப்பா கொத்தனார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைப் பூசுவார், அடுத்த மழையில் மறுபடி திறக்கும். அதே அப்பா அரக்கோணம் லோக்கலில் சென்னைக்குப் போய் அடுக்குமாடிகளில் வேலை செய்தார். அங்கே எஞ்சினியர் நின்று கம்பியை எண்ணுவார், ரிங்கின் நுனியைத் தூணுக்குள் மடக்கச் சொல்வார். பாதுகாப்பான வீட்டைக் கட்டத் தெரிந்த கை அது. தன் வீட்டுக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

தீர்வு ராக்கெட் அறிவியல் இல்லை. லிண்டலைத் துண்டாக விடாமல் நான்கு சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாகப் போட வேண்டும். விறகுக் கட்டைக் கயிறு இறுக்கிப் பிடிப்பதுபோல் அது சுவர்களைப் பிடித்துக்கொள்ளும். மூலைகளில் அடித்தளத்திலிருந்து தளம் வரை கம்பி நிற்க வேண்டும். வாசலும் ஜன்னலும் மூலையை ஒட்டி வரக் கூடாது. 1993-லேயே தர விதிகளில் எழுதப்பட்டவை இவை. கூடுதலாகக் கொஞ்சம் கம்பி, சில மூட்டை சிமெண்ட், ஒழுங்கான மேற்பார்வை. அவ்வளவுதான்.

நிலம் நடுங்காமலும் சுவர் கொல்லும். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். மழையில் ஊறிய சுமார் 20 அடி மதில் அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்து 17 பேரைக் கொன்றது. தீண்டாமைச் சுவர் என்றுதான் நம் தோழர்கள் அதைச் சொன்னார்கள். மழைக்கே இந்த நிலை என்றால், மிதமான நடுக்கத்துக்கு?

ஆகவே அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அரசுத் திட்ட வீட்டின் எஸ்டிமேட்டில் சுற்று பெல்ட்டும் மூலைக் கம்பியும் உண்டா? காலனியின் பழைய தொகுப்பு வீடுகளையும் பள்ளியையும் அங்கன்வாடியையும் பொறியாளர் வந்து பார்த்தது எப்போது? நம் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் கூலியோடு பயிற்சி தருவார்களா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இடிந்த பிறகு கிடைக்கும் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பது நம் அரசியல் அல்ல. இடியாத வீடு நம் உரிமை.

ஜெய் பீம்.